ஒரு காது போன அண்டா

பெசன்ட் நகரில் என் அத்தையின் வீட்டுக்கு வழி கேட்டால், "காயலாங்கடை வீடா?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் தெருக்காரர்கள் வழி சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. தரைத்தளத்தில் இருந்த அந்த வீட்டின் பின்னால் ஒரு லாரி நிற்கிற அளவுக்குத் தோட்டம் இருந்தது. அதில் செடிகளுக்குக் கிடைத்த இடத்தைவிடப் பழைய சாமான்கள் பிடித்துக்கொண்ட இடம் அதிகம். தையல் மெஷினின் இரும்புக் காலில் மணி பிளான்ட், எப்போதோ இடித்த சினிமா கொட்டகையின் டிக்கெட் ஜன்னலில் மல்லிகைக் கொடி, விளிம்பு உடைந்த பீங்கான் வாஷ்பேசினில் புதினா. எதையாவது புதிதாக வாங்கினால் அத்தைக்கு ஜீரணமாகாது. வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள், சனிக்கிழமைதோறும் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்குவதையே அடுத்த உத்தியோகமாக வைத்துக்கொண்டாள்.

அந்த உத்தியோகத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. மயிலாப்பூரில் ஒரு இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அத்தை காலையில் ஆட்டோவில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். கடையில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பேரம் சூடு பிடிக்கிற நேரத்தில் அத்தை என் பின்னலை இரண்டு தடவை இழுப்பாள். உடனே நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தாகமா இருக்கு அத்தை, போலாம்" என்று சிணுங்க வேண்டும். குழந்தை படுத்துகிறது, இந்த அம்மா இனி நிற்கமாட்டாள் என்று கடைக்காரர் விலையை இறக்குவார். பிடித்த சாமானைப் பார்க்கவே கூடாது என்பது அத்தையின் இன்னொரு விதி. அவள் ஒன்றைத் தட்டித் தட்டிக் குறை சொன்னால், கண் வைத்திருப்பது அதற்குப் பக்கத்தில் இருப்பதன் மேல் என்று அர்த்தம். இந்தத் தொழிலில் என் கூலி, திரும்பும் வழியில் ஒரு ரோஸ்மில்க்.

அந்த வருடம் அம்மா என்னை அத்தையோடு அனுப்பும்போதெல்லாம் தலை பின்னிக்கொண்டே ஒரு பாடமும் நடத்தினாள். அப்பா பகலில் வீட்டில் இருப்பதைச் சொல்லக் கூடாது. ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு நான் பஸ்ஸில் போவதைச் சொல்லக் கூடாது. கேட்டால், அப்பா தரமணிக்கு ஆபீஸ் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அப்பாவின் கம்பெனியில் ஒரே நாளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, அப்பாவுக்கு நீண்ட லீவு என்பது மட்டும். லீவு நல்ல விஷயம்தானே, அதை எதற்கு மறைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சொன்னபடி மறைத்தேன்.

அம்மாவின் கல்யாணம் முடிந்த கையோடு, "இந்தச் சம்பளத்துல குடும்பம் நடத்திடுவியா?" என்று அத்தை கேட்டதாகவும், "நடத்திக் காட்டறேன் அண்ணி" என்று அம்மா சொன்னதாகவும் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அத்தை அதைக் கேட்ட அன்றே மறந்திருப்பாள். அம்மா மறக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக நடத்திக் காட்டிக்கொண்டே இருந்தாள். ஊரில் யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, நாத்தனாருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவளுக்கு அப்போது உயிர்ப் பிரச்சினை.

அப்படியிருந்த ஒரு சனிக்கிழமை, அத்தைக்கு அல்லி வளர்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்கு அகல வாயுள்ள ஒரு பாத்திரம் வேண்டும். ராயப்பேட்டையில் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில், அத்தைக்குப் பழக்கமான பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். வீட்டு ஆட்களோடு உருதுவிலும் எங்களோடு மெட்ராஸ் தமிழிலும் மாறி மாறிப் பேசுவார். அத்தை வந்தால் டீ வரும், எனக்கு ஒரு பிஸ்கட் வரும். நான் பிஸ்கட்டோடு ஒரு பழைய ரேடியோவின் பட்டன்களைத் திருகிக்கொண்டிருந்தேன். அத்தை வழக்கம்போல ஒரு துருப்பிடித்த வாளியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். வாளிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாய்க்கும் தெரியும்.

"அது போன வாரம்தான் வந்துச்சும்மா. சுத்தமான பித்தளை. குடுத்துட்டுப் போன அம்மா, படி எறங்கிப் போயி ரெண்டு தபா திரும்பி வந்து பாத்துட்டுப் போச்சு. இன்னா பண்றது, கஷ்டம் யாரை வுட்டுச்சு" என்றார் பாய்.

யார் அப்படித் திரும்பித் திரும்பி வந்தது என்று எனக்கும் பார்க்கத் தோன்றியது. ரேடியோவை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அங்கே எங்கள் அண்டா உட்கார்ந்திருந்தது.

எங்கள் அண்டாதான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தண்ணீர்ப் பஞ்ச நாட்களில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்தது அதில்தான். அது காலியாக இருக்கும்போது நான் உள்ளே உட்கார்ந்து கப்பல் ஓட்டியிருக்கிறேன். மயிலாப்பூருக்கு வீடு மாறியபோது படிக்கட்டில் உருண்டு ஒரு பக்கத்துக் காது போய்விட்டது. அந்த ஓட்டையில் அம்மா நீல நைலான் கயிற்றைக் கட்டியிருந்தாள். அந்தக் கயிறு அப்படியே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், கழுத்துப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய அம்மாவின் பெயர், அதற்கு முன்னால் தாத்தாவின் இனிஷியல். கல்யாணச் சீராக அம்மாவின் அப்பா கொடுத்தது அது.

"அத்தை, இது எங்க அண்டா. அம்மா பேர் போட்டிருக்கு பாருங்க. யாரோ எங்க வீட்டிலேர்ந்து திருடி இவர்கிட்ட வித்துட்டாங்க" என்று நான் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

மறைக்கச் சொன்னதையெல்லாம் ஒழுங்காக மறைத்தவள் நான். அண்டாவைப் பற்றி எனக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அது இங்கே வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். திருட்டுச் சாமான் வாங்கியவர் என்று ஒரு பொடிசு முகத்துக்கு நேரே சொன்னதற்கு அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இல்ல பாப்பா. ஒரு பழைய வூடு இடிச்சாங்க, அங்கேர்ந்து வந்த சரக்கு இது. இந்தப் பேரு ஊர்ல ஆயிரம் பேருக்கு கீது" என்றார்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் இதே வாய் ஒரு அம்மா வந்து கொடுத்ததாகச் சொன்னது. அந்த அம்மா எங்கே போனாள், இடித்த வீடு எங்கிருந்து வந்தது? நான் அதைக் கேட்க வாயைத் திறந்தேன். அத்தை குனிந்து அந்தப் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நீல நைலான் கயிற்றைத் தொட்டாள். நிமிராமலே கையை நீட்டி என் பின்னலை இரண்டு தடவை இழுத்தாள்.

இதில் போய் எதற்குப் பின்னல் என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனால் பழக்கம் பழக்கம்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தாகமா இருக்கு அத்தை, போலாம்" என்றேன். அத்தை பேரம் பேசவில்லை. பாய் சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அவள் பேரம் பேசாமல் ஒன்றை வாங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஆட்டோவில் ரோஸ்மில்க்கை ஞாபகப்படுத்தினேன். வாங்கிக் கொடுத்தாள். "பேர் ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணாயிடுமா" என்று மட்டும் நான் இறங்கும்போது சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போட்டு உடைத்தேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மறுபடியும், "அத்தை என்ன சொன்னாங்க? அதையே திருப்பிச் சொல்லு" என்றாள். திருப்பிச் சொன்னேன். அவளுக்கு மூச்சு வந்தது. எங்கள் அண்டாவை ஈயம் பூசக் கொடுத்திருப்பதாகவும், அது வேறு யாருடையதோ என்றும் சொன்னாள். உள்ளறையில் இருந்த அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனார். ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

நான் நாற்காலி போட்டு ஏறிப் பரணைப் பார்த்தேன். அண்டா மட்டும் இல்லை என்றால் பரவாயில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த குத்துவிளக்கு, தாம்பாளம், பெரிய தவலை எல்லாம் ஈயம் பூசப் போயிருந்தன. குத்துவிளக்குக்கு யாராவது ஈயம் பூசுவார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மூன்று பெரியவர்கள் சேர்ந்து என் எதிரில் முழு அண்டாவையே மறைத்தார்கள். அன்றைக்கு உண்மை பேசியவள் நான் ஒருத்திதான். பொய் சொன்னவர்களெல்லாம் என்னைத்தான் பாவம்போலப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை பெசன்ட் நகர் போனபோது அண்டாவில் அல்லி மிதந்துகொண்டிருந்தது. அத்தை எந்தச் சாமானையும் அதன் அழகான பக்கம் தெரிகிற மாதிரிதான் வைப்பாள். இதை மட்டும் பெயர் வெட்டிய பக்கம் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்கும்படி ஒட்டி வைத்திருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் சுவருக்கும் அண்டாவுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. என்னைப் பொறுத்தவரை அது சாட்சி. யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அதிலிருந்து அத்தை சனிக்கிழமை வரும்போதெல்லாம் ஒரு பை கொண்டுவர ஆரம்பித்தாள். அரிசி, எண்ணெய், துவரம்பருப்பு. எல்லாமே ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாம். "தனிக்கட்டைக்கு ரெண்டு எதுக்கு, வீணாப் போகும்" என்று சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஐந்து கிலோ அரிசிக்கு ஐந்து கிலோ அரிசி இலவசமாகக் கொடுக்கிற கடை அடையாறிலோ பெசன்ட் நகரிலோ இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மா அதை நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இருக்கட்டும் அண்ணி" என்று மட்டும் சொல்லி எடுத்துவைத்துக்கொள்வாள். அந்த மாதங்களில் எங்களுக்கு எதுவும் குறையவில்லை என்றுதான் நான் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளி முழுப் பரீட்சை சமயத்தில் அப்பாவின் லீவு முடிந்தது. கிண்டியில் சின்னதாக ஒரு கம்பெனி. முதல் சம்பளம் வந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வாசலில் குட்டி யானை வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவரும் அப்பாவும் சேர்ந்து எதையோ இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை.

புளி போட்டுத் தேய்த்ததில் அண்டா புதுசாக மின்னியது. போன காதுக்குப் பதிலாக ஒரு பித்தளை வளையம் மாட்டியிருந்தாள். நீலக் கயிற்றைக் காணவில்லை.

"கொசு ஒழிக்கிறவங்க வந்து கத்திட்டுப் போறாங்க, தண்ணி தேங்குதாம். எனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ வச்சுக்கோ, வீட்டுக்கு ஆகும்" என்றாள் அம்மாவிடம். தோட்டத்தில் தண்ணீர் தேங்குகிற சாமான் இன்னும் ஏழெட்டு இருந்தது. அவற்றில் எதையும் அவள் கொண்டுவரவில்லை.

அம்மா குனிந்து அந்தப் புது வளையத்தைத் தொட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை மாதமாகச் சுவரோரம் தடவித் தடவிச் சேர்த்துவைத்த சாட்சி! அண்டாவைச் சுற்றி வந்து பெயரைக் கண்டுபிடித்து, "பாத்தீங்களா, அம்மா பேர்தானே? அன்னிக்கே சொன்னேன்ல?" என்றேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் முகம் வெளுத்தது. அத்தை மட்டும் சாதாரணமாக என்னைப் பார்த்தாள்.

"ஆமா, உங்கம்மா பேர்தான். குடுக்கற பாத்திரத்துல பேர் வெட்டாம குடுப்பாங்களா? நான்தான் வெட்டச் சொன்னேன்."

ஒரு கணம் எனக்குத் தலை சுற்றியது. அத்தை கொடுக்கிற பாத்திரத்தில் தாத்தாவின் இனிஷியல் எதற்கு? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமான அம்மாவுக்கு அப்பாவின் இனிஷியல்தானே வரும்? இதைக் கேட்பதற்காக, "அப்ப தாத்தா இனிஷியல்..." என்று ஆரம்பித்தேன். பின்னல் இரண்டு தடவை இழுபட்டது.

"தாகமா இருக்கு அத்தை, போலாம்" என்றேன், என் சொந்த வீட்டின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அத்தை அவள் தோளைப் பிடித்தாள். அம்மா அவள் மேலேயே சாய்ந்துகொண்டு இன்னும் அழுதாள். இவ்வளவு பெரிய பரிசைக் கொடுத்தவளுக்கு ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் இப்படி அழுகிறாளே, அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு ஒரே வெட்கமாகிவிட்டது. அத்தையின் மனம் கோணக் கூடாதே என்று, தாகமே இல்லாமல் அந்த டம்ளர் தண்ணீர் முழுவதையும் நான் குடித்து முடித்தேன்.