காது போன சிப்பாயின் நிலம்

ஒரு விடுகதை போடுகிறேன். இறந்து பத்து வருஷம் ஆன பிறகும் மாதத்துக்கு நாலு பிள்ளை பெறுகிறவர் யார்?

விடை: சண்டையில் சேவை செய்ததற்காக சர்க்கார் நிலம் தரப்போகிற சிப்பாய்.

அப்படிப்பட்ட பிள்ளைகளின் மனுக்களைச் சரிபார்க்கும் குமாஸ்தாவாகக் கல்கத்தாவில் சில வருஷங்கள் இருந்தேன். சென்னைப் பட்டாளத்தார் குடும்பங்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி, பழைய ஏட்டோடு ஒப்பிடுவது என் வேலை. ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு இது புரியும்: தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கே எங்களுக்குப் பாதிச் சம்பளம்.

சந்தனம்

ஹவுரா ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த ரத்தினமும் அவர் தம்பி துரைசாமியும் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார்கள். கூடவே, இறந்துபோன அண்ணனின் மகள் அஞ்சலை. ஒன்பது வயது. நிலம் மூத்த மகனின் வாரிசுக்கு என்பது விதி. ஆகவே மனுதாரர் அவள்தான், பேச்செல்லாம் சித்தப்பாக்கள்.

பெட்டிக்குள் அவர்களுடைய தகப்பனார் சிப்பாய் சின்னையா பட்டாளத்தை விட்டு வந்தபோது கொடுத்த சான்று இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதை எடுத்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறார்கள். பட்டாள எண் இருந்த இடத்தில் இப்போது அரை விரற்கடை கனத்துக்குச் சிவப்பு அடை. நகத்தால் சுரண்டினேன். அடையோடு காகிதமும் பெயர்ந்து வந்தது.

"எண் எங்கே?" என்று கேட்டேன்.

ரத்தினம் நிதானமாகச் சொன்னார்: "பொட்டு வைக்க அந்த ஒரு இடம்தாங்க தோதா இருந்தது."

வாள்

எண் இல்லாத மனுவுக்கு வேறு வழி உண்டு. பெயரையும் ஊரையும் வைத்து ஏட்டில் ஆளைத் தேடி எடுப்போம். பிறகு குடும்பத்தார் மூவர் தனித்தனி நாளில் வந்து சிப்பாயின் உடல் அடையாளத்தையும் அது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவர் சொல்வதாவது ஏட்டோடு ஒத்துப்போனால் போதும். ஏட்டில் இருப்பதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடும்.

சின்னையாவின் பக்கம் இரண்டு நாளில் அகப்பட்டது. 'இடது காதில் பாதி இல்லை. பர்மாவில் பட்டாளத்துக் கோவேறு கழுதை கடித்தது' என்று எழுதியிருந்தது.

முதலில் ரத்தினம். இடது காதைத் தொட்டுக் காட்டினார். நான் பேனாவை மையில் தோய்த்தேன். "பர்மாக்காரன் வாளாலே வெட்டினதுங்க," என்றார். அப்படியே எழுதினேன். தலைமைக் குமாஸ்தா கோஷ் பாபு ஏட்டைப் பார்த்துவிட்டு, 'ஒத்துப்போகவில்லை' என்று முத்திரை குத்தினார்.

வெளியே போகும்போது ரத்தினம் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "வாள் பத்தலைடா."

பீரங்கி

அடுத்த வாரம் துரைசாமி சொன்ன சண்டையில் பீரங்கி முழங்கியது. காதை உரசிக்கொண்டு போன குண்டு பின்னால் நின்ற மூங்கில் தோப்பையே சாய்த்ததாம். மறுபடி முத்திரை.

மிச்சம் இருந்தது அஞ்சலை ஒருத்தி. பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அன்றும் ஒத்துப்போகாவிட்டால் மனு தள்ளுபடி.

"நிலம் வராவிட்டால் குழந்தை என்ன செய்வாள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

துரைசாமி சொன்னார்: "வந்தா குத்தகைக்கு விட்டு வீட்டோட வச்சுக்குவோம், வரலைன்னா தைக்கு அப்புறம் பவானிபூர்ல ஒரு வக்கீல் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவா."

நடைவழி

அந்தக் கடைசி நாளில் மூவரும் கதவு திறப்பதற்கு முன்பே வந்திருந்தார்கள். சித்தப்பாக்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நான் நடைவழியில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கழுதை கடிச்சா காது திரும்ப முளைக்குமாங்க?"

"முளைக்காது," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் பேச எனக்கு அதிகாரம் இல்லை.

"தாத்தாவுக்கும் முளைக்கலை. எங்கப்பா சொன்னாரு."

அதற்குள் ரத்தினம் திரும்பி வந்துவிட்டார். அவளுடைய பாவாடையை இழுத்துச் சரிசெய்து, பக்கத்தில் குனிந்து, பாடம் ஒப்பிக்க வைத்தார். "பர்மா ராசாவோட தளபதி. யானை மேலேருந்து. ஈட்டி. எங்கே, சொல்லு."

"தளபதி. யானை. ஈட்டி. ஆனா சித்தப்பா, கழுதைதானே?"

ரத்தினத்துக்குக் கோபம் இல்லை. அவருக்கு இருந்தது பயம்தான். "நீயே யோசிச்சுப் பாரு தாயி," என்றார், "கழுதை கடிச்சதுக்கு எந்த சர்க்கார் நிலம் குடுக்கும்?"

மூன்றாவது வாய்

உள்ளே கோஷ் பாபு ஏட்டைத் திறந்து தன் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டார். ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து சந்தேஷ் என்கிற பால் மிட்டாய் ஒன்றை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அவள் அதைத் தின்னவில்லை.

கேள்வியை அவர் வங்காள மொழியில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "உங்கள் தாத்தாவின் உடம்பில் என்ன அடையாளம்?"

"இடது காது பாதி இல்லை."

"எப்படிப் போனது?"

அவளுக்குப் பின்னால் ரத்தினம் ஈட்டியைப் பிடிப்பதுபோல முஷ்டியை உயர்த்தினார். துரைசாமி தும்பிக்கைக்காக ஒரு கையை மூக்கருகே கொண்டுபோனார். கோஷ் பாபு கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார். இரண்டு கைகளும் இறங்கின. நான் பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, முகத்தில் எதுவும் தெரியாதபடி சுவரைப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பதும் எங்கள் தொழிலில் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

அஞ்சலை ஒருமுறை திரும்பிச் சித்தப்பாக்களைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சந்தேஷைப் பார்த்தாள்.

கேள்வியை இரண்டாம் முறை கேட்டேன்.

வாள், பீரங்கி, ஈட்டி மூன்றையும் விட்டுவிட்டு, மனுதாரர் கழுதை என்றார்.