உயரம்: தரை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். மயிரிழை பிசகினாலும் தேய்த்ததைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். முதலாளி முணுமுணுத்தால், "போட்டுக்கிட்டு நடக்கப்போறது நீங்களா?" என்பாள். அதே கறார்தான் காளான் விஷயத்திலும். மழைக்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் அவள் தம்பியையும் வீட்டில் பார்க்க முடியாது. நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டில் குனிந்த தலை நிமிராமல் இருவரும் நடந்துகொண்டிருப்பார்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம். தின்பதற்கு இல்லை, பேர் கண்டுபிடிப்பதற்கு. திங்காத காளானுக்கா இத்தனை அலைச்சல் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

மாதம் ஒருமுறை நூலகத்தின் மாடி அறையில் காளான் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். காளானைக் கத்தியால் வெட்டக் கூடாது, அடிமண்ணோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். அடையாளத்தில் பாதி மண்ணுக்குள்தான் இருக்கும். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வேண்டும்: தேதி, இடம், எவ்வளவு உயரத்தில் முளைத்தது, சேகரித்தவர் யார். சீட்டில் பொய் ஏறவே கூடாது. ஒருத்தர் எடுத்ததை இன்னொருத்தர் பேரில் எழுதிய ஒரு ஆளை அவள் மூன்று மாதம் கூட்டத்துக்கே வரவிடவில்லை.

தம்பி பஸ் டிரைவர். அக்காவுக்கு நேர் எதிர். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். போன வருஷம் கடையை ஞாயிறும் திறக்க ஆரம்பித்ததால் அவன் தனியாகத்தான் காட்டுக்குப் போனான். சாயங்காலம் காகிதப் பொட்டலங்களோடு கடைக்கு வருவான். அவள் லென்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு, அவனைக் கேட்டுக் கேட்டுச் சீட்டு எழுதுவாள்.

"எவ்ளோ உயரம்?"

"இடுப்பளவு."

"இது?"

"அது மார்பளவு. பட்ட மரத்துல."

"என்னடா இது, எல்லாம் மரத்துலேர்ந்தே வருது? மண்ணோட ஏதாச்சும் சண்டையா?"

"ஆமாக்கா, நாங்க ரெண்டு பேரும் பேசறதில்ல."

அவளும் சிரித்துவிட்டு எழுதி முடிப்பாள். அவன் ஸ்டூலில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால், "வாரம் முழுக்க சீட்ல உக்காந்து முதுகு பிடிச்சிருக்கு" என்பான். டிரைவருக்கு முதுகு வலிப்பது ஒரு சேதியா என்ன?

பருவத்தின் கடைசிக் கூட்டத்தன்று அவன் கடைக்கு வராமல் நூலகத்துக்கே வந்தான். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் ஒன்றைக் கிடத்தியிருந்தான். விரல் நீளம்கூட இல்லை. நல்ல ஆரஞ்சு நிறம், நுனி மட்டும் கொஞ்சம் தடித்து, புள்ளி புள்ளியாக.

"தரையிலேர்ந்துக்கா. இந்த மாதிரி நாம பாத்ததே இல்ல."

அவள் திருப்பிப் பார்த்தாள். அடி சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

"வெட்டிட்டு வந்திருக்கே?"

"அது... தோண்ட முடியல."

"ரெண்டு நிமிஷம் குனிஞ்சு தோண்ட முடியலையா? வாழைப்பழச் சோம்பேறி! பத்தொன்பது வருஷமா என்னடா கத்துக்கிட்டே?" எல்லார் முன்னாலும் கேட்டாள். கூட்டத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர், "விடுங்கம்மா, பாவம்" என்று குறுக்கே வந்தார். அவள் விடவில்லை. பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினாள். தம்பி வழக்கம்போலச் சிரித்தான். கூட்டம் முடிந்து அறையைப் பெருக்கும்போது அந்தத் தீப்பெட்டியையும் சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து டெப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கிய தம்பி, படிக்கட்டுக்குக் கீழேயே மடங்கி விழுந்தான். முதுகெலும்பில் கட்டி, ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்றார் டாக்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவன் மறைத்திருக்கிறான், சிரித்துச் சிரித்தே.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, அந்த ஆரஞ்சு என்னன்னு தெரிஞ்சுதா?"

குப்பையில் போட்டதை எந்த வாயால் சொல்வாள்? "பாத்துக்கிட்டிருக்கேன்டா" என்றாள்.

"வேலியோரம், விழுந்து கிடக்கே பெரிய மரம், அதோட வேர்ப்பக்கம். தெரிஞ்சதும் சொல்லு."

பதினோரு நாளில் போய்விட்டான். அவள் சொல்லவே இல்லை.

வருஷக் கடைசியில் பொட்டலங்களைத் தேதிவாரியாக அடுக்கி, சீட்டுகளை நோட்டில் ஒட்டுவது வழக்கம். இந்தத் தடவை தனியாக உட்கார்ந்து ஒட்டினாள். முதல் இரண்டு வாரம் தரை, தரை, தரை. மூன்றாவது வாரம் முழங்கால் அளவு. அப்புறம் இடுப்பளவு. அப்புறம் மார்பளவு, தோளளவு, மார்பளவு. பருவம் முடிகிறவரை தரை என்று ஒரு சீட்டுகூட இல்லை. அவள் பசைக் குச்சியைக் கீழே வைத்தாள். அவனால் குனிய முடியாமல் போன வாரம் எதுவென்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. டாக்டருக்குத் தெரிவதற்கு நாலு மாதம் முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவள், வாராவாரம் அதை எழுதிவிட்டுச் சிரித்திருக்கிறாள். நோட்டின்மேல் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் தம்பி மனைவியிடம் போய் அந்த ஆரஞ்சைப் பற்றிக் கேட்டாள்.

"அன்னிக்கா அண்ணி? ரெண்டு முழங்காலும் சேறு. கேட்டா, மண்டி போட்டேன், அப்புறம் எந்திரிக்க முடியல, யாரோ விறகு பொறுக்க வந்தவங்க தூக்கிவிட்டாங்கன்னார். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கார். கையில கத்திதான் இருந்துச்சாம். எட்டினவரைக்கும் வெட்டிட்டு வந்தேன், அக்கா திட்டும், ஆனா பாத்தா சந்தோஷப்படும்னு சொல்லிட்டுப் போனார். சந்தோஷப்பட்டீங்களா அண்ணி?"

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த மழைக்குக் கடையில் ஞாயிறு வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். முதல் வாரம் விழுந்த மரத்தடியில் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரமும் இல்லை. ஐந்தாவது வாரம், வேர்ப்பக்கம், பாசிக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு நின்றன.

மண்டி போட்டாள். சின்னக் கரண்டியால் சுற்றிலும் மண்ணை எடுத்தாள். தண்டு இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அது ஒரு செத்த புழுவின் தலையில் போய் முடிந்தது. இலைக்காளான் இல்லை, மரக்காளான் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் புழுவின் உடம்பில் புகுந்து, அதை முழுக்கத் தின்று தீர்த்த பிறகு வெளியே தலை காட்டுகிற புழுக்காளான். புத்தகத்தில் மட்டும் பார்த்தது. பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் இருவரும் தேடிக் கிடைக்காதது. வெட்டியதைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாதுதான். ஆனால் அன்றைக்கே அவனோடு வந்து தோண்டியிருக்கலாம். எங்கே எடுத்தாய், ஏன் தோண்ட முடியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"புழுக்காளான்டா" என்று சத்தமாகச் சொன்னாள். "நாம பாத்ததே இல்லைதான். நீ சொன்னது சரிடா."

அந்த மாதக் கூட்டத்தில் அவளும் ஒரு தீப்பெட்டியைத் திறந்து வைத்தாள். எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் சீட்டை எடுத்துப் படித்தார். தேதி, போன ஞாயிறு. இடம், வேலியோரம். உயரம், தரை. அதற்கு அடுத்த வரியில் அவர் நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சேகரித்தவர்னு... தம்பி பேரை எழுதியிருக்கீங்களேம்மா."

"ஆமா" என்றாள் அவள். "அவன் எடுத்ததுதான்."

சட்டத்தை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. மருந்துக்கடைக்காரர் சீட்டை மடித்து, பெட்டிக்குள்ளேயே வைத்தார்.