விரிசலக்கா

இடது கையால் தூசியைத் துடைத்துவிட்டு, வலது கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கிக்கொள்கிறார். பழைய கலங்கரை விளக்கத்தின் உட்சுவரில், நாற்பத்தொன்றாம் படிக்கு நேரே, இரண்டு பித்தளைக் குமிழ்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மேலிருந்து கீழே இறங்குகிறது ஒரு விரிசல். இடுக்கி போன்ற அளவுகோலின் இரண்டு தாடைகளையும் குமிழ்களில் பொருத்தி, எண்ணைப் படித்து, உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் மூச்சை விடுகிறார்.

"மூச்சு விட்டா கை ஆடும். கை ஆடினா நம்பர் பொய் சொல்லும்" என்கிறார், அவரைப் பற்றி எழுத வந்திருக்கும் என்னிடம். பிறகு சுவரைப் பார்த்து, "நீ நல்லாத்தான் இருக்கே, சும்மா பயமுறுத்தாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்கு ஏறுகிறார்.

கலங்கரை விளக்கத்துக்கு நூற்றறுபது வயது, அவருக்கு ஐம்பத்துமூன்று. மூட்டுவலி இரண்டு பேருக்கும் உண்டாம். விளக்கத்துக்குப் பதினெட்டாம் படியருகே, அவருக்கு இடது முழங்காலில். கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலையிலிருந்து விளக்கம் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. அவருக்கு இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருக்கிறது.

நகரத்தின் பழங்கட்டடப் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர் என்பது காகிதத்தில் இருக்கும் பதவி. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைக்காரர்களும் காவலாளிகளும் படகுக்காரர்களும் வைத்த பெயர் விரிசலக்கா. பதினான்கு கட்டடங்கள், அறுபத்துமூன்று விரிசல்கள். திங்கட்கிழமை கலங்கரை விளக்கம், செவ்வாய் கோட்டைச் சுவர், புதன் மாலுமிகளின் பழைய கல்லறைத் தோட்டம், வியாழன் சுங்க மாளிகை. தன் ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு அவர் வரும்போது போக்குவரத்துக் காவலர்கூட ஒதுங்கி வழிவிடுகிறார். மரியாதை என்று நான் நினைத்தேன். "அந்த ஏணி ஒரு தடவை அவர் தொப்பியைத் தட்டிவிட்டுச்சு" என்றார் அக்கா.

விரிசல் என்றாலே ஆபத்து என்று நினைப்பவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. "விரிசல் இல்லாத பழைய கட்டடத்தை எனக்கு ஒண்ணு காட்டுங்க. வெயில்ல கல்லு உப்பும், விரிசல் மூடிக்கும். குளிர்ல சுருங்கும், திறந்துக்கும். அது மூச்சு விடறது. போனது திரும்பி வருதான்னுதான் பாக்கணும். திரும்பி வராம போய்க்கிட்டே இருந்தா, அப்பதான் நமக்கு வேலை."

குமிழ் பதிக்க முடியாத இடங்களில், விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுண்ணாம்பால் ஒட்டி, அருகே தேதி எழுதிவைக்கிறார். சுவர் அளவுக்கு மேல் அசைந்தால் கண்ணாடி வளையாது, உடைந்துவிடும். "அதுக்கு வளைஞ்சு கொடுக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் என்னையும் அப்படித்தான் சொல்வார்" என்று சிரிக்கிறார். வீட்டுக்காரர் பயணிகள் படகில் இயந்திரம் பார்ப்பவர். எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் மனைவி முதலில் கூரையைப் பார்ப்பதாகவும், அதன்பிறகுதான் மனிதர்களைப் பார்ப்பதாகவும் அவர் புகார் சொன்னார். கொழுந்தியாள் புதுமனைப் புகுவிழாவுக்கு எல்லாரையும் கூப்பிட்டபோது, அக்கா "வீடு அழகா இருக்கு, அந்த மூலை மட்டும் கொஞ்சம் இறங்குது" என்று சொல்லி, விருந்தில் ஒரு மணி நேரம் யாரும் பேசாதபடி செய்தாராம்.

இந்த நகரத்தின் சரித்திரம் அவருக்குத் தெரியும். ஆனால் யார் ஆண்டார்கள், எந்த வருடம் கட்டினார்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவார். எங்கே அடிபட்டது, எப்படி ஒட்டுப்போட்டார்கள் என்பதுதான் அவர் படித்திருக்கும் சரித்திரம். பண்டகசாலைச் சுவரில் தோள் உயரத்துக்கு ஓடும் ஒரு வெள்ளைக் கோட்டைத் தொட்டு, "கடல் உள்ள வந்து நின்ன உயரம் இது. உப்பு இன்னும் போகலை பாருங்க, நாக்குல வச்சா தெரியும்" என்றார். வைத்துப் பார்த்திருக்கிறார் என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. கோட்டையில் செங்கல் வைத்து அடைத்த ஒரு ஜன்னலின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஒரு வரிசைகூட நேரா இல்லை. சுண்ணாம்பு வழிஞ்சு அப்படியே காஞ்சிருக்கு. கொத்தனார் நல்ல கொத்தனார்தான், மத்த இடத்துல அவர் கை தெரியுது. இங்க மட்டும் ஏதோ பயத்துல கட்டியிருக்கார்."

சுற்றுலாப் பயணிகளை அழைத்துவரும் மஞ்சள் குடைக்காரருக்கும் இவருக்கும் பழைய பகை. கலங்கரை விளக்கத்தின் மேல்ஜன்னல் வழியாக ஒரு கப்பல் தலைவனின் மனைவி குதித்து உயிரைவிட்டாள் என்று குடைக்காரர் தினமும் மூன்று வேளை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அக்கா ஏணியின் மேலிருந்தபடியே, "அந்த ஜன்னல் ஒன்பது அங்குலம் சார். பூனைதான் குதிக்கலாம்" என்றார். கூட்டம் சிரித்தது. மறுநாள் அந்தப் பெண்மணி வெளிமாடத்திலிருந்து குதித்தாள். "வெளிமாடம் எங்க அப்பா காலத்துல வச்சது" என்றார் அக்கா. இப்போது குடைக்காரர் புதிய கதை எதையும் அவரிடம் கேட்காமல் அரங்கேற்றுவதில்லை.

சுங்க மாளிகையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய குரலில் வேடிக்கை குறைந்துவிடுகிறது.

துறைமுகச் சாலையைப் பார்த்தபடி பன்னிரண்டு வளைவுகள் கொண்ட நீண்ட தாழ்வாரம் அது. ஒரு காலத்தில் மூட்டைகளைப் பிரித்துச் சோதித்த இடம். போன மழைக்காலம் வரை வளைவுகளுக்கு உள்ளே எட்டுக் கடைகள் இருந்தன. ஐந்தாம் வளைவில் இருந்தது நகல் எடுக்கும் கடை, அவருடைய சொந்தத் தம்பியின் கடை. அந்த இடம் காலியாகிறது என்று முதலில் தகவல் சொன்னதும், விண்ணப்பம் போடச் சொல்லிப் பின்னாலேயே நின்றதும் அக்காதான். இரண்டு வேலைகளை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, அங்கே வந்த பிறகுதான் தலைநிமிர்ந்து நடந்தான்.

மழை தொடங்கிய வாரத்தில் ஐந்தாம் வளைவின் உச்சியில் ஒட்டியிருந்த கண்ணாடி உடைந்தது. புதிதாக ஒன்று ஒட்டினார். ஒன்பதாவது நாள் அதுவும் உடைந்தது. எத்தனையோ வருடங்களாக இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றியே போய்வந்துகொண்டிருந்த விரிசல், மூன்றைத் தாண்டி, மூன்றரையைத் தொட்டது. திரும்பி வரவில்லை.

அவர் ஒரு அவசரக் குறிப்பு எழுதினால் போதும். பொறியாளர் அன்றே வந்து பார்த்துத் தாழ்வாரத்தை மூடிவிடுவார். அதை எழுதுவதற்கு முன் தம்பியிடம் சொன்னார்.

"கல்லூரி விண்ணப்பம் போடற நேரம் அக்கா. வருஷத்துல இந்த மூணு வாரம்தான் எனக்குக் கூட்டம். இதை விட்டா நான் என்ன பண்றது?" என்றான் தம்பி.

"தூண் நகருதுடா."

"எவ்வளவு நகருது?"

"ஒன்றரை மில்லி."

தம்பி ஒரு காகிதத்தை எடுத்து நான்கு முறை மடித்து, அந்த மடிப்பின் தடிமனைக் காட்டினான். "இவ்வளவுக்கா கடையை மூடச் சொல்றே? நூறு வருஷத்துக்கு மேல நின்னது, மூணு வாரம் நிக்காதா?"

அக்கா குறிப்பேட்டில் எண்ணை எழுதினார், அவசரக் குறிப்பை எழுதவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ரெண்டு நாள் எழுதலை. அந்த ரெண்டு நாளை என் சர்வீஸ்ல நான் சேர்க்கறதில்லை" என்றார்.

மூன்றாம் நாள் காலை, மழையில் குடை பிடித்துக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். தாழ்வாரத்தில் நகல் எடுக்க நீண்ட வரிசை. அதில் ஒரு பெண், விண்ணப்பத்தை நிரப்ப இடமில்லாமல், ஐந்தாம் வளைவின் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"நல்லா வசதியா சாஞ்சிருந்தா. இவ்வளவு பெரிய தூண், யாராவது பாத்து வச்சிருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கும்ல, அந்த நம்பிக்கையில சாஞ்சிருந்தா. அந்த யாராவது நான்தானே?"

சாலையைக் கடந்து போய் அந்தப் பெண்ணை எழுந்து தள்ளி நிற்கச் சொன்னார். அங்கேயே ஸ்கூட்டரின் இருக்கைமேல் வைத்து, மழைத்துளி பட்டு மை கலங்கக் கலங்க அவசரக் குறிப்பை எழுதினார். மதியம் பொறியாளர் வந்தார். மாலைக்குள் எட்டுக் கடைகளும் காலியாகிவிட்டன. நகல் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது தம்பிக்கு உதவ அக்கா கை நீட்டினார். தம்பி அந்தக் கையை விலக்கிவிட்டு, "உன் கூடப்பொறந்தது அந்தக் கல்லுதான். போய் அதுக்கு உதவி பண்ணு" என்றான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எட்டுப் பேருக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. வளைவுக்கு அடியில் இரும்பு முட்டுகள் நின்றன. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, ஒரு செங்கல்கூட விழவில்லை.

அதுதான் அவருக்கு வந்த பெரிய சோதனை. விழுந்திருந்தால் எல்லாரும் கும்பிட்டிருப்பார்கள். விழாத வளைவைக் கடந்துபோகும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. "உங்க வளைவு சௌக்கியமா அக்கா?" என்றார் பேனாக்கடைக்காரர். "வளைவு நிக்குது, எங்க பொழப்புதான் விழுந்துடுச்சு" என்றார் செருப்புக்கடைக்காரர். அக்கா வியாழக்கிழமை தவறாமல் வந்து அளந்துவிட்டுப் போனார். தம்பி தொலைபேசியை எடுப்பதில்லை. தம்பி மனைவிதான் அவனுக்குத் தெரியாமல் பேசி, அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒருநாள் என் மனசு ரொம்பக் கேவலமா நினைச்சுது" என்றார் அக்கா. "ஒரே ஒரு கல்லாவது விழக் கூடாதான்னு. அந்தக் கட்டடத்தை அத்தனை வருஷம் தொட்டுத் தொட்டுப் பாத்த கை இது. அன்னிக்குப் பூரா சோறு இறங்கலை."

ஏழு மாதம் கழித்து, சென்ற வாரம்தான் பழுதுபார்க்கும் வேலை ஆரம்பித்தது. ஐந்தாம் தூணின் அடியில் நான்கு கற்களைக் கொத்தனார் பெயர்த்து எடுத்தார். ஐந்தாவது கல்லை எடுக்க வேண்டியிருக்கவில்லை, அது தானாக உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் தாமதமாக, தண்ணீரிலிருந்து வந்தது. தூணுக்கு அடியில் யாருக்கும் நினைவில்லாத பழைய வாய்க்கால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்து, இறங்கும்போது ஒரு கை மண்ணை எடுத்துக்கொண்டு போய், அடியைக் குடைந்து வைத்திருந்தது. தூணின் உள்ளே சுண்ணாம்பு மாவாகிக் கிடந்தது. வெளிக்கற்களின் தோல் மட்டும் மேலே உள்ளதைச் சுமந்துகொண்டிருந்தது.

கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலை அக்கா" என்றார்.

நான் அங்கே இருந்தேன். பேனாக்கடைக்காரர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். செருப்புக்கடைக்காரர் அக்காவிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இருமிவிட்டு நகர்ந்தார்.

கடைசியாக ஒருவர் சாலையின் ஓரத்தில் வந்து நின்றார். காதில் பேனா, சட்டையில் மை. கேட்காமலே தெரிந்தது, அக்காவின் நெற்றி அவருக்கும். அக்கா அவரைப் பார்த்தார், பார்க்காததுபோல் என்னிடம் வாய்க்காலைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தார். அளவு சொல்லும்போது ஒருமுறையும் தடுமாறாதவர், "ரெண்டரை அடி, இல்லை மூணு, மூணடி" என்றார்.

தம்பி மெல்ல உள்ளே வந்தார். தூணின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துவாரத்துக்குள் கையை விட்டார். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோள் வரை போனது. கன்னம் கல்லில் உரசியது. கையை வெளியே எடுத்தபோது விரல்களில் ஈர மண் ஒட்டியிருந்தது. அந்த விரல்களைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து வளைவின் உச்சியைப் பார்த்தார்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லை" என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார் அக்கா. "முட்டு எல்லாம் போட்டாச்சு. நாலு வண்டி ஏத்தினாலும் தாங்கும்." சொல்லிக்கொண்டே, எனக்கு இன்னும் நன்றாகக் காட்டுவதற்காக டார்ச்சுடன் தூணுக்கு அடியில் குனிந்தார்.

தம்பி சட்டென்று எழுந்தார். மண் ஒட்டிய கையால் அக்காவின் முழங்கையைப் பிடித்து, வளைவின் கீழிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். சாலையின் நடுவே, வெயிலில் வந்து நின்ற பிறகும் அந்தப் பிடியை விடவில்லை.