கொழுந்துக் கூடையோடு வந்த உதவி

பயத்தில் பல் கிட்டிப்போகும் என்பார்கள். எனக்கு அது நடந்தது.

நான் சென்னை சிட்லபாக்கத்துப் பெண். 2006-இல் மலைமேல் ஒரு சிறிய தனியார் சட்டக் கல்லூரியில் படித்தேன். பழைய எஸ்டேட் பங்களாதான் கல்லூரியும் விடுதியும். நாங்கள் நடத்திய சட்ட உதவி முகாமுக்குப் பாக்கியம் என்ற தேயிலைத் தொழிலாளி வந்தார். எஸ்டேட் சூப்பர்வைசர் அடித்ததில் அவருக்கு உதடு கிழிந்திருந்தது. நான்தான் அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய்ப் புகார் கொடுக்க வைத்தேன்.

மறுநாள் மாலை சூப்பர்வைசரின் ஆட்கள் ஜீப்பில் கல்லூரிக்கே வந்துவிட்டார்கள். "அந்த மெட்ராஸ் பொண்ணு பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டும், பாத்துக்கிறோம்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிப் போனார்கள். முதல்வர், "காலைல முதல் பஸ்ல ஊருக்குப் போயிடும்மா" என்றார். அந்த பஸ் ஸ்டாண்டை விட்டால் மலையிறங்க வேறு வழியே இல்லை. கூடப் படித்த ஒருவரும் என் அறைப்பக்கம் வரவில்லை.

வார்டன் அறையிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "கதவத் திறக்காதடி. சபைல சொல்லி எல்லாரையும் ஜெபிக்கச் சொல்றேன்" என்றவர் அழுதுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். 'ஆண்டவரே, என்னைத் தனியா விட்டுடாதீங்க.' வேறு வார்த்தை வரவில்லை.

விடியும்போது கதவு தட்டப்பட்டது. எனக்குப் பல் கிட்டிப்போனது.

"கண்ணு, நான் பாக்கியம். கதவத் தொற."

வெளியே முதுகில் கூடையோடு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டமாக நின்றார்கள்.

"யாரு அக்கா சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எனக்குத்தான் தூக்கமே புடிக்கல. எந்திரிச்சு அந்தப் புள்ளகிட்டப் போ, போன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. இவங்களையும் எழுப்பிக் கூட்டியாந்தேன்."

ஜீப்பில் வந்தவர்கள் மிரட்டியதைச் சொன்னேன். என்னை நடுவில் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அதே ஜீப். ஒருவன் இறங்கி எங்களை நோக்கி வந்தான். என் கால் நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து, "நடம்மா" என்றார். பெண்கள் கூடையோடு கூடை இடிக்க நெருங்கிக்கொண்டார்கள். அவன் நின்று பார்த்தான். பிறகு ஒதுங்கி வழி விட்டான்.

தாம்பரம் வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் சில வாரங்களில் மறுபடி மலையேறினேன். வழக்கு நடந்தது. பாக்கியம் அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். சூப்பர்வைசருக்குத் தண்டனை கிடைத்தது.

இன்று நான் வக்கீல். மிரட்டலுக்குப் பயந்து வரும் பெண்களோடு கோர்ட்டுக்கு நானே நடக்கிறேன். அதற்கான தைரியம் என்னுடையதல்ல, தேவன் கொடுத்தது. இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஓர் அறைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கலாம். அவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் நினைக்காத யாரையாவது இந்நேரம் அவர் எழுப்பிக்கொண்டிருப்பார்.