பதினொரு மாதக் கணக்கு

எங்கள் நெல் ஆலையின் என்ஜின்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்கா மௌத்தான செய்தியைக் காவலாளி வந்து சொன்னபோது நான் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அடுத்த அறையில் மனேஜர், "பாவம், போய்ச் சேந்திட்டாரே, என்ர திட்டத்துக்கு உதவியா நிண்ட ஆள்" என்றார். காக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் திட்டம் மனேஜருடையதல்ல.

பட்டம் பெற்று இந்த ஆலைக் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் யாரோடும் கதைப்பதில்லை. ஒருநாள் காக்கா எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். பெல்ட்டையும் பேரிங்கையும் பழுதாகும் முன்பே மாற்றினால் ஆலைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எழுதித் தர வேண்டுமாம். நான் உதிரிப்பாகங்களின் விலையை மட்டும் கூட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"மெசின் நிண்டா, தொட்டியில ஊறின நெல்லு காத்திரிக்குமா மகள்? புளிச்சு நாறும். அதையும் போடு."

எந்தப் பழுதில் எத்தனை மூட்டை புளித்தது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் பதினொரு மாதங்களுக்குத்தான் சொன்னார். "நோன்பு மாசம் அரை நாள்தானே ஓட்டுற? அதைச் சேர்த்தாப் பொய்க் கணக்கு."

நான் எழுதி முடித்த தாளைக் காக்கா எண்ணெய்க் கையாலேயே நீட்டினார். மனேஜர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இரிக்கிற பெல்ட்டைக் கழட்டுறதா? உம்மட புத்திதான் தேஞ்சிட்டு, காக்கா" என்றார்.

"என்ட புத்தி தேஞ்சா நான் மட்டும்தான் நிப்பன் ஐயா. பெல்ட் அறுந்தா ஆலையே நிக்கும்."

நின்றது. அறுவடைக் காலத்தில், தொட்டி நிறைய நெல்லோடு. நாற்றம் கடைத்தெருவரை போனது. முதலாளி விளக்கம் கேட்டதும், மனேஜர் அதே தாளைத் தம் பெயரில் தட்டச்சு செய்யச் சொன்னார். செய்தேன். பாராட்டு அவருக்குக் கிடைத்தது. நான் அழுதபோது காக்கா, "பெல்ட் மாத்திட்டாங்கதானே, விடு மகள்" என்றார்.

அவர் விட்டார். நான் விடவில்லை. இரங்கல் கூட்டத்தில் மனேஜர் மறுபடியும் "என்ர திட்டம்" என்று தொடங்கியபோது எழுந்து நின்றேன்.

"ஐயா, அந்தக் கணக்கில ஏன் பதினொரு மாதம்?"

முதலாளியும் அவரைப் பார்த்தார். மனேஜர் என்னைக் காட்டி, "ஒரு மாதத்தை இந்தப் பிள்ளைதான் விட்டிட்டுது" என்றார்.

பின்வரிசையில் இருந்த, நெல் அவிக்கும் பெண்ணொருத்தி சத்தம் போட்டாள்: "அது நோன்பு மாசம் ஐயா! நெல்லு அவிக்கிற எங்களுக்கே தெரியுமே!"

இரங்கல் கூட்டம் சிரித்தது. காக்காவும் சிரித்திருப்பார்.

மறுநாள் அந்தக் கணக்கை மீண்டும் தட்டச்சு செய்தேன், ஆதம்பாவா என்ற பெயரில். முதலாளி கையொப்பமிட்டார். காக்காவின் பெருவிரல் எண்ணெய் படிந்த முதல் தாளை நான் வைத்துக்கொண்டேன். மனேஜர் இப்போது என் மேசையைத் தலைகுனிந்து கடக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.