கூறு போட்ட மான்

கனடாவில் நான்கு மாகாணங்களில் வேலை பார்த்திருக்கிறேன். எதிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்தவனுக்குக் கிடைக்கிற வேலைகளில் நிற்பதற்கும் பெரிதாக ஒன்றும் இருக்காது. மேற்கே ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் பதினான்கு மாதம் மாடு வெட்டினேன். கத்தி பிடிக்க அங்கேதான் பழகினேன். பரிசோதகர் முத்திரை குத்தும்வரை ஒரு மாட்டின் துண்டு இன்னொரு மாட்டின் துண்டோடு சேரக் கூடாது என்பதையும் அங்கேதான் மண்டையில் அடித்துச் சொன்னார்கள். ரொறன்ரோவுக்கு வந்தபோது என் கத்தியை எல்லோரும் மெச்சினார்கள். மற்றதை ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அண்ணையின் பேஸ்மென்டில் குடியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், கூரை போடும் கொம்பனி வைத்திருந்தவர். ஐம்பது வயதுக்குப் பிறகு துவக்கு வாங்கி, வேட்டைப் பரீட்சையை மூன்றாம் முறையில் பாஸ் பண்ணி, அன்றிலிருந்து இலைதழை அச்சடித்த ஜக்கெற்றோடுதான் மரக்கறிக் கடைக்கும் போனார். அவரோடு இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டக்களப்பைச் சேர்ந்த லொறிச் சாரதி. சின்ன வயதில் காட்டைக் கண்டவர், மூவரில் மானின் காலடி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர் இன்சூரன்ஸ் விற்பவர், படம் எடுக்கிறதற்காகவே வந்தவர்.

நவம்பரில் மூவரும் மேற்கே சஸ்கச்சுவானுக்குப் புறப்பட்டார்கள். வெட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள். வேட்டை என்று அவர்கள் ஊருக்குச் சொன்னது இதுதான்: தீவனம் கொட்டி வைத்த இடத்துக்கு எதிரே, ஹீற்றர் போட்ட ஒரு பலகைப் பெட்டிக்குள் மூன்று நாள் குந்தியிருந்து, சாப்பிட வந்த மானைச் சுட்டார்கள். ஆளுக்கொன்று. இன்சூரன்ஸ்காரருடையதுதான் பெரியது. அதன் கொம்பைப் பிடித்தபடி அவர் நாற்பது படமாவது எடுத்திருப்பார். நான் குளிரில் குடலை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கத்து மான்களுக்கு ஒரு நோய் இருக்கிறது. மூளை பழுதாகி, மெலிந்து, வாய்நீர் வடிந்து சாகும். சுட்ட மானின் தலையை அங்கேயே ஒரு இடத்தில் பரிசோதனைக்குக் கொடுக்கலாம், முடிவு பல வாரம் கழித்து வரும். மூன்றையும் கொடுத்தோம். அங்கிருந்த ஆள் எங்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான்தான் மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னேன். இது கிருமி இல்லை, கோணலாகிப்போன ஒரு புரதம், அதனால் எவ்வளவு அவித்தாலும் பொரித்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை தெரியாது, வராது என்று சொல்லவும் முடியாது. முடிவு வரும்வரை சாப்பிடாமல் இருப்பது நல்லது.

"வருத்தக்கார மான் இப்பிடிக் கொழுத்துப்போய் நிக்குமா மனே?" என்றார் மட்டக்களப்பார். நோய் வெளியே தெரிய வருடக்கணக்காகும் என்று அந்த ஆள் சொன்னதையும் நான் சொன்னேன். அதற்குள் மூவரும் வான் வண்டிக்குள் ஏறிவிட்டார்கள்.

நோய் பரவும் என்பதால் தலையையும் முள்ளந்தண்டையும் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவுக்குள் கொண்டுவரக் கூடாது. அவற்றைக் கழித்துவிட்டு மூன்று மானையும் மூன்று பெட்டிகளில் வைத்து, மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீற்றருக்கு மேல் அந்த இலக்கங்கள் ஒழுங்காக வந்துசேர்ந்தன. அண்ணையின் கராஜுக்குள் வந்து பத்து நிமிடத்தில் போய்விட்டன.

எங்கள் ஆட்கள் இறைச்சியைப் பங்கு போடுகிற விதம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் வெட்டி ஒரே விரிப்பில் கொட்டி, நன்றாகக் கலந்து, ஒவ்வொரு கூறிலும் தொடையும் விலாவும் ஈரலும் சமனாக விழும்படி குவிப்பார்கள். பிறகு ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, எந்தக் கூறு யாருக்கு என்று சொல்வார். உனக்கு நல்லது போய்விட்டது, எனக்கு எலும்புதான் வந்தது என்று பிறகு ஒருவரும் முறைக்க முடியாது. ஆட்டுக்கு நல்ல வழிதான். நான் பெட்டிகளைக் காட்டி, முடிவு வரும்வரை தனித்தனியாக வைப்போம் என்றேன்.

"நம்பர் போட்டு வைக்க இதென்ன சவச்சாலையோ?" என்றார் அண்ணை. "கொட்டடாப்பா விரிப்பிலை."

ஒருதரம்தான் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லியிருக்கலாம். என்னுடைய கத்தி போகிற வேகத்தை மூன்று பேரும் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. கலந்தது என் கைதான். நாலு கூறு போட்டேன். நாலாவது எனக்கு.

டிசம்பரில் அண்ணையின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. றிச்மண்ட் ஹில்லில் இருந்தாள். மகள் கனடாவிலேயே பிறந்தவள், இது அவளுக்கு முதல் பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்கு மான் இறைச்சியில் மருந்துச் சாமான் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுத்தால் உடம்பு தேறும், பால் ஊறும் என்று அண்ணை முடிவெடுத்தார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா சமைப்பார், அண்ணை சட்டியோடு காரில் கொண்டுபோவார். வாரத்தில் இரண்டு தரம். முடிவு இன்னும் வரவில்லையே என்று நான் கேட்டபோது, வராதது நல்ல செய்திதான் என்றார். இதே மனிதர் கூரையில் ஒரு ஆணி பிழையாக அடித்தால் முழுப் பலகையையும் கழற்றச் சொல்கிறவர்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணைக்கு ஈமெயில் வந்தது. இரண்டு தலைகளில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் நோய். இறைச்சியை உண்ண வேண்டாம் என்று எழுதியிருந்தது. இன்சூரன்ஸ்காரரின் பெரிய மான்தான். அதன் படம் அவருடைய வரவேற்பறையில் ஏற்கெனவே சட்டம் போட்டுத் தொங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் கராஜில் கூடினார்கள். ஆபத்தை எடைபோடுவதற்காக என்று வைத்துக்கொள்வோம். மடக்குக் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி எடைபோட்டார்கள். குக்கரில் இன்னும் நாலு விசில் கூட விடலாம் என்றார் ஒருவர். மஞ்சளும் மிளகும் போட்டு இறக்கினால் எந்த நஞ்சும் முறியும் என்றார் மற்றவர். இன்சூரன்ஸ்காரர் தொழில்காரர் அல்லவா, கணக்கோடு வந்தார். மூன்றில் இரண்டு பங்கு நல்ல இறைச்சியாம், ஆகவே ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் நல்லதாம். எல்லாவற்றையும் கலந்தபடியால் ஒவ்வொரு பொதியிலும் அந்த மான் இருக்கிறது என்றேன். கலந்தது ஆர் என்று அவர் கேட்டார்.

"செல்லடிக்கையே சாகாதனாங்கள்," என்றார் அண்ணை. "ஒரு மானோ எங்களைக் கொல்லப் போகுது?"

மூவரும் சிரித்தார்கள். இந்தப் பேச்சை நான் எத்தனை ஊரில் கேட்டிருக்கிறேன். சீற் பெல்ற் போடாமல் ஓட்டுகிறவனும் இதைத்தான் சொல்வான், சீனி வருத்தத்துக்கு மருந்துக் குளிசை போடாதவனும் இதைத்தான் சொல்வான். ஊரில் யுத்தத்தில் செல் குண்டு விழுந்தபோது இவர்கள் பங்கருக்குள் ஓடி ஒளித்தவர்கள். நானும்தான் ஓடினேன். ஓடியதால்தான் இருக்கிறோம்.

"மகளுக்குச் சொன்னீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பால் குடுக்கிற பிள்ளை. பயந்தா பால் வத்திப் போடும்."

அதோடு கூட்டம் கலைந்தது. வியாழக்கிழமை வழமைபோல சட்டி போயிற்று. திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கறி அனுப்பினார். சமைத்த அக்காவுக்கே ஈமெயில் வந்தது தெரியாது.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மூன்று பஸ் மாறி றிச்மண்ட் ஹில்லுக்குப் போனேன். கார் இல்லாதவன் போவதற்காகக் கட்டிய இடம் அல்ல அது. கடைசி அரைமணி நேரம் பனி தள்ளாத தெருவோரத்தால் நடந்தேன். குழந்தையைத் தோளில் போட்டபடி அவள் கதவைத் திறந்தாள்.

"அங்கிள், நடந்தோ வந்தனீங்கள்? யூ குட் ஹாவ் கால்ட் மீ."

உள்ளே போய் நின்றபடியே சொன்னேன். நோய் என்ன, ஈமெயிலில் என்ன எழுதியிருந்தது, யார் வெட்டியது, யார் கலந்தது, எல்லாம். அடுப்பில் அந்தச் சட்டி இருந்தது. பாதி முடிந்திருந்தது. அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"பாலுக்குள்ள போகுமா அங்கிள்?"

"தெரியாதம்மா. ஒருத்தருக்கும் தெரியாதெண்டுதான் நினைக்கிறன்."

"அப்பாக்கு எப்ப தெரியும்?"

இதற்குப் பொய் சொல்லியிருந்தால் நான் இன்றும் அந்த பேஸ்மென்டில் இருந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை என்றேன். அவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் தந்துவிட்டு, பிரீசரிலிருந்த பொதிகளையும் சட்டியையும், சட்டிக்குள் இருந்த கரண்டியையும்கூட, கறுப்புப் பைகளில் போட்டு முடிச்சுப் போட்டாள். அழவில்லை. டொக்டருக்குப் போன் அடித்தாள். பரிசோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லையாம். மனிதருக்கு வந்ததாகத் தெரியாதாம். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை, இறைச்சியை மட்டும் இனித் தொட வேண்டாம் என்றாராம்.

மனிதருக்கு வந்ததாகத் தெரியாது என்ற அந்த ஒரு வசனத்தை அண்ணை எடுத்துக்கொண்டார். டொக்டரே சொல்லிப்போட்டார் என்று கராஜ் முழுக்கப் பேச்சு. மகள் மட்டும் அதன் பிறகு அவர் கொண்டுவந்த எந்தச் சட்டியையும் வாசலுக்கு உள்ளே எடுக்கவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க அவர் வெறுங்கையோடுதான் போக வேண்டும், அதுவும் கேட்டுவிட்டு. அந்தக் கோபத்தை அவர் மகளிடம் காட்டவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்றார். எங்கள் சனத்துக்குள், யுத்தகாலத்தில் உயிரையே வாங்கிய அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று தெரிந்துதான் சொன்னார். ஒரு மான் கறிக்கு அதை எடுத்து வீசினார். மாதம் முடிய நான் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்கு மாறினேன். இரண்டு பை. மூன்று மாகாணம் என்னோடு அலைந்த கத்தியைக் குப்பையில் போட்டேன். அதற்கு முன் ப்ளீச்சில் ஊறவைத்துப் பார்த்தேன், ஆனாலும் அதால் வெங்காயம் வெட்டக்கூட மனம் வரவில்லை. முடிவு வருவதற்கு முன் என் பங்கில் இரண்டு நேரம் நானும் சாப்பிட்டிருந்தேன். அதைப்பற்றிச் செய்ய ஒன்றுமில்லை.

இந்த ஒக்டோபரில் மட்டக்களப்பார் எனக்குப் போன் எடுத்தார். திரும்பவும் மேற்கே போகிறார்களாம், வெட்ட ஆள் இல்லையாம். பழசை விடுவம் என்று அண்ணையே சொன்னாராம்.

இந்த முறை முடிவு வந்த பிறகோ பங்கு போடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் தனித்தனியா வைக்கப் பிரீசரில இடம் காணாது மனே."

என்னிடம் இப்போது கத்தி இல்லை என்றேன்.

"அதுக்கென்ன, அண்ணை புதுக்கத்தி வாங்கி வைச்சிருக்கார்," என்றார்.