பேர் பதிவதற்கு முந்தைய நாள்

பனி மூடிய மைதானத்தின் ஓரத்திலிருந்து, யாரோ விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடிப்பதைப் போல ஆறுமணிக் குருவி கூப்பிட்ட ஒரு மார்கழி மாலையில்தான், கொட்டகலையில் இருந்த எனக்கு அந்த யோசனை வந்தது. சனிக்கிழமை நுவரெலியா பூங்காவில் இந்தக் குருவியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு ஹட்டனில் உயிரியல் புத்தகம் ஒன்று வாங்கி, டயகமவில் இருக்கும் மலரிடம் கொடுத்து, அவளை எப்படியாவது தடுத்துவிட வேண்டும்.

மலர் கொட்டகலையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். சாதாரண தரம் வரைக்கும் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில்தான் உட்கார்ந்தோம். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன இடத்தில் அவளுடைய அம்மாவைக் குளவி கொட்டி, இனி மலை ஏற முடியாதென்று ஆகிவிட்டது. வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் "பேர் பதிந்தால்"தான் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் "காம்பரா" கையில் நிற்கும். திங்கட்கிழமை மலர் பதியப் போகிறாள் என்று செய்தி வந்திருந்தது. பதிந்துவிட்டால் உயர்தர வகுப்புக்கு அவள் வரப்போவதில்லை.

சனிக்கிழமை, அண்ணனின் தொலைநோக்கியோடு பூங்கா ஓடைக்கரையில் மூன்று மணிநேரம் குந்தியிருந்தும் குருவி வரவில்லை. "நீ பேசுற பேச்சுக்கு காக்கா கூட வராது" என்றார் அண்ணன். மறுநாள் ஹட்டன் பழைய புத்தகக் கடையில் உயிரியல் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகு, பக்கத்து அடுக்கில் பறவைப் படங்கள் நிறைந்த புத்தகம் கண்ணில் பட, அதை வைத்துவிட்டு இதை வாங்கினேன். இதைப் பார்த்தாலே மலருக்கு மனம் மாறிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

டயகமவில் லயத்து வாசலில், அம்மாவின் கூடைக் கயிற்றைத் தன் உயரத்துக்கு அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள் மலர். "வா புள்ள, மொதல்ல தேத்தண்ணி குடி" என்றார் அவளுடைய அம்மா. குருவியைத் தேடி நுவரெலியா போய் வந்ததைச் சொல்லிக்கொண்டே நான் அவசரமாகப் புத்தகத்தை விரித்தேன். குருவியின் படத்தைக் கண்டதும் மலர் சிரித்துவிட்டாள்.

"அட, இதுக்கா நுவரெலியா வரைக்கும் போன? எங்க பீலிக்கரைக்கு வாடி, தெனம் வந்து மண்ணக் கெளறுது."

உண்மைதான். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் அந்தப் பீலிக்குக் கீழே, பச்சை முதுகும் சிவந்த வாலடியுமாக, கைக்கெட்டும் தூரத்தில் தத்திக்கொண்டிருந்தது. அதன் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. இமயமலை அடிவாரத்திலிருந்து அது பறந்துவரும் கதையைப் பின்னேரம் முழுவதும் சொல்லித் தீர்த்தேன். அவள் தாடையில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி பஸ் ஹாரன் அடித்தபோது ரோட்டுவரை வந்து நின்றவள், "நீ வேற என்னமோ சொல்ல வந்தேன்னு நெனச்சேன்" என்றாள்.

"இல்லடி, சும்மாதான் வந்தேன்."

"சரி. போய்ட்டு வா."

மறுநாள் பதிந்துவிட்டாள்.

அந்தப் புத்தகக் கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி உறை விற்கிறார்கள். நான் பல்கலைக்கழகம் முடித்துவிட்டேன். மலர் இன்னமும் மலையில்தான். அன்று நான் தடுத்திருந்தாலும் அவள் பதிந்துதான் இருப்பாள், காம்பராவை விட்டுவிட்டு எங்கே போவது? ஆனாலும், பதியாதே என்று ஒருத்தியாவது சொன்னாள் என்பது அவளுக்கு மிஞ்சியிருக்கும். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத அவளுக்கு இன்னும் வழி இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு டயகமவில் இறங்கியதும், தேத்தண்ணி வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.